கூரைக்கு அடியில் படைத்தவன் கைவேலை

"பெரியப்பா, இது மட்டும் ஏன் கீழ விழ மாட்டேங்குது?"

கேட்டது என் தம்பி மகள். ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டுக்குக் கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள். இரவு எட்டு மணி இருக்கும். சாயங்காலம் ஒரு கோடை மழை கொட்டி ஓய்ந்திருந்தது. கூடத்து விளக்கைத் தேடி ஈசல்கள் வந்து தாழ்வாரத்து ஜன்னல் கண்ணாடியில் மொய்த்தன. ஈசலைத் தேடி ஒரு பல்லி வந்திருந்தது. அது கண்ணாடிக்கு வெளியே, நாங்கள் உள்ளே. அதனால் முதுகுக்குப் பதில் வயிறு தெரிந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பல்லிகளோடு ஒரே கூரைக்குக் கீழே வாழ்கிறேன். ஒரு பல்லியின் அடிப்பக்கத்தை நின்று பார்த்தது அன்றுதான்.

எண்ணெய் தடவிய காகிதம் போல வயிற்றுத் தோலில் வெளிச்சம் ஊடுருவியது. உள்ளே, பின்னங்கால்களுக்குச் சற்று மேலே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளை உருண்டைகள். "அது முட்டைம்மா" என்றேன். "உள்ள இருக்கறது வெளியவே தெரியுதே!" என்று அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள். கழுத்தின் இருபுறமும் இன்னும் இரண்டு வெண்மையான புடைப்புகள் இருந்தன. அவை முட்டைகள் அல்ல, சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்து வைக்கும் சிறு பைகள். முட்டைக்கு ஓடு கட்ட வேண்டிய பொருளை அந்தத் தாய் கழுத்தில் முடிந்துகொண்டு திரிகிறாள். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்களே, அந்தக் கவலையை இந்த உயிருக்காக யாரோ முன்கூட்டியே பட்டிருக்கிறார்கள்.

ஆனால் பிள்ளையின் கேள்வி பாதத்தைப் பற்றியது. பதில் கண்ணாடியிலேயே இருந்தது. ஒவ்வொரு விரலின் அடியிலும், தென்னங்கீற்றை மடித்து வைத்தது போல, இரண்டு வரிசையாக மெல்லிய தகடுகள் அடுக்கியிருந்தன. பல்லி ஓரடி எடுத்து வைக்கும்போது விரலை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டி உரிக்கிறது. ஒட்டிய காகிதத்தை ஓரத்திலிருந்து உரிப்போமே, அதே மாதிரி. அடுத்த கணம் விரலை விரித்துப் பதிக்கிறது. உரித்துப் பதித்து, மறுபடி உரித்துப் பதித்து, நம் கண் தொடர முடியாத வேகத்தில் ஓடிவிடுகிறது.

பல்லி தலைகீழாகவும் மரத்தில் ஏறி இறங்குவதைச் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் வியந்து எழுதியிருக்கிறார். எப்படி என்பதுதான் வெகுகாலம் பிடிபடவில்லை. பசை என்றார்கள். பாதத்தில் பசை சுரக்கும் சுரப்பியே இல்லை. காற்றை உறிஞ்சிப் பிடிக்கிறது என்றார்கள். காற்றை அகற்றிய கூண்டுக்குள்ளும் அது பிடியை விடவில்லை. அமெரிக்காவின் கெல்லர் ஆட்டம், ராபர்ட் ஃபுல் குழுவினர் 2000-ல் பல்லிப் பாதத்தின் ஒற்றை முடியைப் பிரித்தெடுத்து, அதன் பிடிப்பு எவ்வளவு என்று அளந்தார்கள். ஆம், முடிதான். அந்தத் தகடுகள் முழுவதும் மிக நுண்ணிய முடிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம். ஒவ்வொரு முடியும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையின் முனையும் குட்டிக் கரண்டி போலத் தட்டையாக முடிகிறது. அந்தக் கரண்டியின் அகலம் நம் தலைமுடியின் பருமனில் சில நூற்றில் ஒரு பங்கு.

அவர்கள் ஆய்வுக்கு எடுத்தது தென்கிழக்காசியாவில் வாழும் பெரிய டோக்கே பல்லியை. அதன் ஒரு பாதத்தில் மட்டும் சுமார் 5 லட்சம் முடிகள். நம் வீட்டுப் பல்லிக்குப் பாதம் சிறியது, எண்ணிக்கை வேறாக இருக்கும். ஏற்பாடு அதேதான். இவ்வளவு நுண்ணிய முனைகள் சுவரை நெருங்கித் தொடும்போது, அணுக்கூட்டங்களுக்கு இடையே எப்போதும் இருக்கும் மிக மெல்லிய ஈர்ப்பு வேலை செய்யத் தொடங்குகிறது. வான் டெர் வால்ஸ் விசை என்று பள்ளிக்கூட வேதியியலில் படித்தது. பல்லியின் பிடிப்பு அதுதான் என்று 2002-ல் அதே குழுவினர் நிறுவினார்கள். ஒரு முனையின் ஈர்ப்பு ஒன்றுமே இல்லை. லட்சக்கணக்கில் சேரும்போது ஓர் உடம்பையே தாங்குகிறது. டோக்கே பல்லியின் நாலு பாதத்து முடிகளும் ஒரே நேரத்தில் முழுதாகப் பிடித்தால் இரண்டு ஆள் எடையைத் தாங்கும் என்பது கணக்கு. பிடிப்பதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது விடுவது. முடி சுவரோடு சாய்ந்திருக்கும் வரை பிடிக்கும். சாய்வு ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டியதும் தானாக விட்டுவிடும். அதற்காகத்தான் அந்த விரல் சுருட்டல்.

இறந்த பல்லியின் பாதமும் உயிருள்ளதைப் போலவே பிடிக்கிறது என்று 2014-ல் சோதித்துக் கண்டார்கள். ஆக, பிடிப்பதற்காக அது தம் கட்ட வேண்டியதில்லை. பாதத்தைப் படைத்த விதத்திலேயே பிடிப்பு இருக்கிறது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எலியட் ஹாக்ஸ், இந்த உத்தியைப் பின்பற்றிச் செய்த தகடுகளைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடிச் சுவரில் ஏறிக் காட்டினார். மனிதன் பெரிய படிப்பும் பெரிய கூடமும் வைத்துக்கொண்டு மெல்ல எட்டிய இடத்தில், நம் வீட்டுச் சுவரில் இருக்கும் சில கிராம் எடையுள்ள ஓர் உயிர் முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே நடந்து போகிறது.

இதையெல்லாம் பரிணாமம் செய்தது என்று என் நண்பர்கள் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் உட்கார்ந்து இழைத்த வேலை என்றால், இழைத்தவன் பொறுமையை எண்ணி இன்னொரு முறை கைகூப்பத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அன்றிரவு பல்லி எங்களைத் திரும்பிப் பார்த்தபோது நாக்கை நீட்டித் தன் கண்ணையே துடைத்துக்கொண்டது. பிள்ளை கைதட்டினாள். வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடி போல ஒரு தோல் நிரந்தரமாக மூடியிருக்கிறது. தூசு பட்டால் நாக்குதான் துடைப்பான். பகலில் கண்மணி நெடுக்குக் கோடாகச் சுருங்கிவிடும், இரவில் அகல விரியும். பல்லி இனத்தில் ஒன்றை 2004-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். மங்கிய நிலவொளியில், நமக்கு எல்லாம் சாம்பலாகத் தெரியும் இருட்டில், அது நிறங்களைப் பிரித்து அறிந்தது. அந்த வெளிச்சத்தில் அதன் கண் நம் நிறப்பார்வையைவிட 350 மடங்கு ஒளியுணர்வு மிக்கது என்று கணக்கிட்டார்கள். நாம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகும் அதற்கு உலகம் வண்ணமயமாகத்தான் இருக்கிறது.

பல்லியைத் தமிழன் கவனிக்காமல் விட்டவன் அல்லன். குறுந்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, கள்ளிக் காட்டில் பல்லி தன் துணையை அழைக்கும் ஒலியைக் கேட்டு, அது கள்வர் அம்பின் முனையை நகத்தில் வைத்துப் புரட்டிச் சரிபார்க்கும் ஓசை போல இருப்பதாகப் பாடியிருக்கிறார். எவ்வளவு கிட்டே போய்க் காது கொடுத்தால் இப்படி ஓர் உவமை வரும்! பல்லி துணையைத்தான் அழைக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுக் கும்பிட இன்றும் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் அப்பாயி பேச்சின் நடுவே பல்லி ஒலி கேட்டால் தரையில் விரலால் மூன்று முறை தட்டி, "பாத்தியா, பல்லியே சொல்லிருச்சு" என்பாள். பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் பல்லி விழும் பலன் அச்சாகிறது. இவ்வளவு மரியாதை செய்த நாம்தான், சாப்பாட்டில் பல்லி விழுந்தால் விஷம் என்று அலறுகிறோம். வீட்டுப் பல்லியிடம் விஷம் இல்லை. அதன் குடலில் நோய்க் கிருமி இருக்கலாம் என்பதால் விழுந்த உணவைக் கொட்டிவிடுவது சரியான காரியம்தான். கொட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சுவரெல்லாம் தேட வேண்டாம்.

அப்படித் தேடி அடித்த வீடுகளில் வால் துடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாலிலும் ஒரு கருணை இருக்கிறது. பல்லியின் வால் எலும்பு, இரண்டு கண்ணிகளுக்கு நடுவே உடைவதில்லை. ஒரு கண்ணியின் மத்தியிலேயே உடைவதற்கான கோடு பிறவியிலேயே போடப்பட்டிருக்கிறது. உடையும் கணத்தில் ரத்தக் குழாயைச் சுற்றிய தசை இறுகி மூடிக்கொள்கிறது. கீழே விழுந்த வால் சில நிமிஷம் துள்ளும். பூனை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பல்லி தப்பித்துவிடும். பிறகு புது வால் முளைக்கிறது. அதில் எலும்புக் கண்ணிகள் இருக்காது, உள்ளே ஒரு குருத்தெலும்புக் குழல் மட்டும். நிறமும் சற்று மட்டு. உங்கள் வீட்டுச் சுவரில் மழுங்கிய வாலோடு ஒரு பல்லி இருந்தால், அது ஒரு மரணத்திலிருந்து திரும்பி வந்த பல்லி.

பல்லி உலர்ந்த சுவருக்கு என்றால், ஈரச் சுவருக்கு இன்னொருவர் இருக்கிறார். எங்கள் கிணற்றடிக் குளியலறையில் மழைக்காலம் முழுவதும் ஒரு மரத்தவளை குடியிருக்கும். மர நிறம், பெரிய கண், மெலிந்த நீளக் கால். கால்களை உடம்போடு மடக்கி ஒட்டிக்கொண்டு வாளிக்கு மேலே சுவரில் பகலெல்லாம் அசையாமல் இருக்கும். தோலில் இருக்கும் ஈரம் வீணாகாமல் இருக்கத்தான் அந்த மடக்கல். ஈரத்தில் பல்லி வழுக்கும், தவளை வழுக்காது. அதன் விரல் நுனிகள் வட்ட வட்டத் தகடுகள். உருப்பெருக்கியில் அவை தேனடை போல அறுகோணக் கட்டங்களாகத் தெரியும். கட்டங்களுக்கு இடையே ஓடும் வாய்க்கால்களில் சளி போன்ற நீர்மம் பரவி, மெல்லிய ஏடாக நின்று பிடித்துக்கொள்ளும். ஒரே சுவர்தான். உலர்ந்திருந்தால் ஒரு வழி, நனைந்திருந்தால் வேறு வழி. இரண்டையும் யோசித்து வைத்தவன் ஒருவன்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரத்தரையில் அடிவயிற்றைப் பரப்பி உட்கார்ந்தால் தோலே உறிஞ்சிக்கொள்ளும். பூச்சியை விழுங்கும்போது கண்ணை இறுக மூடுகிறதே, அது ருசிக்காக என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். அதன் கண் உருண்டைகள் உள்ளே இறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ளிக் கொடுக்கின்றன. பார்க்கவும் கண், விழுங்கவும் கண். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் தொட்டிச் சுவரில் சோப்பு நுரை மாதிரி ஒரு கை அளவு ஒட்டியிருந்தது. யாரோ துணி துவைத்ததில் தெறித்தது என்று தண்ணீர் ஊற்றப் போனேன். கொல்லை வேலைக்கு வரும் அம்மா தடுத்தார்: "ஐயா, அது தவள கட்டுன கூடு. ஊத்திராதீங்க." உண்மைதான். பெண் தவளை நீர்மத்தைச் சுரந்து, பின்னங்கால்களால் மோர் கடைவது போலக் கடைந்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடுகிறது. மேல் நுரை காய்ந்து ஆடை கட்டும், உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் நுரையைக் கரைத்துக்கொண்டு நேரே கீழே உள்ள தண்ணீரில் விழும். அன்று என் கையில் இருந்த ஒரு செம்புத் தண்ணீர் எத்தனை உயிரைக் கழுவியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது.

அதே குளியலறைச் சாக்கடைத் துளையில் மழைக்குப் பிறகு ஒரு கரிய 'மண்புழு' நெளிந்து வரும். மண்புழுவைவிட வேகமாக, பளபளப்பாக இருக்கும். உற்றுப் பார்த்தால் உடம்பெல்லாம் பொடிச் செதில். நாக்கும் நீளும். அது பாம்பு. புழுப்பாம்பு என்பார்கள், சில ஊர்களில் செவிப்பாம்பு. காதுக்குள் புகுந்துவிடும் என்ற பயத்தில் வைத்த பெயர். ஒரு சாண் நீளம்கூட வராத அந்த உயிருக்குக் கடிக்கத் தெரியாது. கண் இருக்கிறது, செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகளாக. வெளிச்சமா இருட்டா என்று அறிய அது போதும். எறும்பு, கரையான் புற்றுகளுக்குள் நுழைந்து முட்டையையும் புழுவையும் தின்று வாழ்கிறது.

இந்தப் பாம்பில் ஆண் கிடையாது. இதுவரை உலகில் எங்குமே ஓர் ஆணைக் கண்டதில்லை. எல்லாம் பெண். ஒவ்வொன்றும் துணையில்லாமல் முட்டையிட்டு மகள்களைப் பெறுகிறது. அந்த மகள்கள் தாயின் அச்சு. பிற பாம்புகளின் உயிரணுவில் நிறமூர்த்தங்கள் இரண்டு தொகுதி, இதற்கு மூன்று. ஆணைத் தேட வேண்டியதில்லை என்பதால் ஒரே ஒரு பாம்பு ஒரு பூந்தொட்டி மண்ணில் ஒளிந்துகொண்டு கப்பல் ஏறினால் போதும், இறங்கிய ஊரில் ஒரு வம்சமே தொடங்கிவிடும். ஆசியாவில் பிறந்த இந்தச் சிறு பாம்பு அப்படித்தான் அண்டார்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. பூந்தொட்டிப் பாம்பு என்றே ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு. தரையில் வாழும் பாம்புகளில் இவ்வளவு தூரம் பரவியது வேறு எதுவும் இல்லை. நாம் ஒரு வாளித் தண்ணீரை அடித்துச் சாக்கடைக்குள் தள்ளுவது அவளைத்தான்.

ஓணானைப் பற்றி எழுதும்போது மட்டும் எனக்குக் கை நடுங்கும். எங்கள் தலைமுறைப் பையன்கள் ஓணானுக்குச் செய்த பாவம் கொஞ்சமல்ல. தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டுக் கழுத்தில் மாட்டி இழுப்போம். மூக்குப்பொடி போடுவோம். கல்லால் அடிப்போம். அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தோம். ராமன் தாகத்தோடு வந்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் சிறுநீர் கொடுத்ததாம். ஒரு கதையைக் கட்டி ஓர் உயிரின் தலையில் பழியைப் போட்டுவிட்டால் அடிக்கும் கைக்கு வலிக்காது. அரணைக்கும் அப்படி ஒரு பழி உண்டு: கடித்தால் உடனே மரணம். அரணைக்கு விஷமே கிடையாது.

என்னைத் திருத்தியது ஒரு பெண் ஓணான். நாற்பது வயது தாண்டிய பிறகு, ஓர் ஆடி மாசத்துக் காலையில், கொல்லை வேலியோரம் முருங்கை மரத்தடியில் பார்த்தேன். முன்னங்கால்களால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. நான் நாலடி தூரத்தில் நின்றேன், அது ஓடவில்லை. முக்கால் மணி நேரம் பறித்தது. பிறகு குழிக்குள் பின்னுடம்பை இறக்கி, தலையை வெளியே நீட்டி, வாயைச் சற்றுத் திறந்தபடி அசையாமல் கிடந்தது. ஒவ்வொன்றாக முட்டையிட்டது. பதினொன்று எண்ணினேன், மறைவில் இன்னும் இருந்திருக்கலாம். இட்டு முடித்ததும் மண்ணைத் திரும்பத் தள்ளியது. தள்ளிய மண்ணை மூக்கால் குத்திக் குத்தி இறுக்கியது, நம் வீட்டுத் தரைக்குத் திமிசு போடுவது போல. பிறகு மேலே காய்ந்த சருகையும் பொடி மண்ணையும் இழுத்துப் போட்டது. வேலை முடிந்தபோது எங்கே தோண்டியது என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தெரியவில்லை. வயிறு ஒட்டி, விலா தெரிய, கண் சொருகி, அது வேலி ஏறிப் போனது. அந்தக் குஞ்சுகளை அது ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. ஆறேழு வாரம் கழித்து அவை தாமாக மண்ணைக் கீறிக்கொண்டு வரும், யாரும் சொல்லிக் கொடுக்காமல் எறும்பைப் பிடிக்கும். நான் அன்று அந்த இடத்தைச் சுற்றி நாலு செங்கல்லை நட்டு வைத்தேன். சிறுவயதில் செய்ததற்கு அது ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

மூஞ்சூறையும் சொல்லிவிட வேண்டும். எலி என்று நினைத்து அதற்கு மருந்து வைக்கிறார்கள். அது எலி இனமே அல்ல, பூச்சி தின்னி. கரப்பானைத் தேடித்தான் அடுப்படிக்கு வருகிறது. இடம் மாற வேண்டியிருந்தால் தாய் முன்னால் போகும். முதல் குட்டி தாயின் வாலடியைப் பல்லால் கவ்விக்கொள்ளும், அடுத்தது முதல் குட்டியை, அதற்கடுத்தது அதை. சுவரோரமாக ஒரு ரயில் வண்டி போல அந்த வரிசை போவதை ஒருமுறை விளக்கொளியில் பார்த்தேன். பிள்ளையார் ஏன் இதைத் தன் காலடியில் வைத்துக்கொண்டார் என்று அன்று புரிந்த மாதிரி இருந்தது.

பாம்பு என்றால் பேச்சு வேறு. பயம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் வயலில் வேலை செய்யும் ஏழைகள். கடித்தால் மந்திரிக்கவோ, கடிவாயைக் கீறவோ, கயிற்றால் இறுக்கிக் கட்டவோ கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உயிரை வாங்குவதில் பெரும்பங்கு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு. ஆனால் பல நேரம் அடிபட்டுச் சாவது சாரைதான், அடிக்கடி கண்ணில் படுவது அது என்பதால். விஷமில்லாத சாரை, நெல்லைத் தின்னும் எலியைத் தின்று உழவனுக்குக் காவல் காக்கிறது.

சாரையும் நல்ல பாம்பும் பிணையும் என்று எங்கள் பக்கத்தில் உறுதியாக நம்புவார்கள். அப்படிப் பார்த்தால் புது வேட்டியை அதன்மேல் போட்டு எடுத்துப் பெட்டியில் வைப்பார்கள், செல்வம் சேரும் என்று. குறுவை அறுத்த வயலில் நானும் அதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பாம்புகள் கயிறு முறுக்கியது போலச் சுற்றிக்கொண்டு, இடுப்பளவு உயரத்துக்கு எழுந்து, சாய்ந்து, மறுபடி எழுந்தன. இரண்டும் சாரைதான், இரண்டும் ஆண். ஒன்று மற்றொன்றின் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கும் மல்யுத்தம் அது. அரை மணி நேரம் நடந்தது. கடிக்கவில்லை, ரத்தம் சிந்தவில்லை. தோற்றது வரப்பைத் தாண்டிப் போனது, ஜெயித்தது துரத்தவில்லை. பகையைத் தீர்க்கக் கொல்ல வேண்டியதில்லை என்று அந்த உயிருக்கு விதித்திருக்கிறது.

பாம்பை வணங்கிக்கொண்டே பிடிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள், இருளர்கள். தோலுக்காகப் பாம்பு பிடித்து வயிறு வளர்க்க வேண்டியிருந்த அவர்களை, 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வேறு வழிக்குக் கொண்டுவந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிறது. பிடித்த பாம்பிலிருந்து விஷத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடுகிறார்கள். நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகித் தொல்லை கொடுத்த மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். புல் மடிந்திருக்கும் விதத்தையும் மண்ணில் பதிந்த தடத்தையும் பார்த்தே பாம்பு போன திசையைச் சொல்லிவிடுவார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் வைத்திருந்த கருவி ஒன்றுதான், நாம் தொலைத்துவிட்டது: தரையைப் பார்த்து நடக்கும் பொறுமை.

ஜன்னல் பல்லிக்கு வருகிறேன். பிள்ளை ஊருக்குத் திரும்பிய பிறகும் வாரம் ஒருமுறை போனில் கேட்பாள், "பெரியப்பா, முட்டை போட்டுச்சா?" எனக்குத் தெரியவில்லை. ஆனி மாசம், அவளுடைய அக்காவின் மஞ்சள் நீராட்டுக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பூஜையறையில் அப்பாயி காலத்து முருகன் படத்தைக் கழற்றியபோது, சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே இருந்த மரச்சட்டப் பலகையில் கொண்டைக்கடலை அளவில் இரண்டு வெள்ளை முட்டைகள். ஒன்றன் ஓட்டில் விளக்கைப் பிடித்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு நிழல் தெரிந்தது. அதே பல்லி இட்டவைதானா என்று சொல்ல முடியாது, அப்படி நினைத்துக்கொண்டேன். வெள்ளையடிக்க வந்தவர் தூரிகையைச் சுண்ணாம்பு வாளியில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அறுபது வயதுக்காரர், அவசரக்காரர் வேறு.

"இருக்கட்டுங்க. இந்த மூலைய கடைசில அடிச்சுக்கலாம்" என்றார்.

கடைசி நாளும் வந்தது, முட்டை பொரியவில்லை. வெயிலைப் பொறுத்து ஒன்றரை மாதம், இரண்டு மாதம்கூட ஆகும். அவர் அந்த மூலையை விட்டுவிட்டுப் போனார். விசேஷத்துக்கு வந்தவர்கள் ஏன் அங்கே மட்டும் பழசாக இருக்கிறது என்று கேட்டார்கள், சொன்னோம். ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் காலையில் பார்த்தபோது ஓடுகள் இரண்டாகப் பிளந்து வெறுமையாகக் கிடந்தன. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு குஞ்சு, படம் மாட்டியிருந்த இடத்துக்கு மேலே, உத்தரத்தின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு நீங்களும் வெள்ளையடிப்பீர்கள். சாமி படத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் கழற்றும்போது பின்னால் ஒருமுறை பாருங்கள். இரண்டு சின்ன வெள்ளை முட்டைகள் இருந்தால், அந்த மூலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.